சும்மாதான் அமுத்தினேன்

1

பத்திரிகை ஆசிரியர் என்னிடம் கேட்டது கதை அல்ல, கட்டுரை. 'வீட்டுக்கு டெக்கு வாங்கலாமா?' என்ற தலைப்பையும் அவரே கொடுத்திருந்தார். ஆன்டெனாவில் வருவதைப் பதிந்து வைத்துக்கொள்ளும் அந்தப் பெட்டியின் விலை, பயன், குறை எல்லாவற்றையும் நாலு பக்கத்துக்குள் எழுதித் தர வேண்டும். பள்ளிக்கூட டீச்சர் எழுதினால் வாசகிகள் நம்புவார்கள் என்று அவர் நினைத்திருக்கலாம். எனக்கும் அப்போது டெக்கு வாங்குகிற ஆசை இருந்தது. விசாரித்த மாதிரியும் ஆயிற்று, எழுதின மாதிரியும் ஆயிற்று என்று ஒப்புக்கொண்டேன்.

கட்டுரையின் தொடக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது:

"டெக்கில் இரண்டு வகை உண்டு. கேசட்டைப் போட்டால் காட்ட மட்டும் தெரிந்தது ஒன்று. காட்டவும் பதியவும் தெரிந்தது இன்னொன்று. இரண்டாவதற்கு விலை அதிகம். அந்த அதிக விலையைக் கொடுக்குமுன், பதிந்து வைக்கும்படி நம் வீட்டு டி.வி.யில் அப்படி என்னதான் வருகிறது என்று——"

அங்கே நின்றுபோனது. என்னோடு வேலை பார்க்கும் தையலம்மாள் டீச்சர் ஒரு யோசனை சொன்னாள். பாகூர் கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்திருக்கும் இராமச்சந்திரன் இரண்டு வருஷத்துக்கு முன் பதிகிற டெக்கு வாங்கினாராம். அந்த வருஷமே அதை வீட்டைவிட்டு அனுப்பிவிட்டாராம். குறையைக் கேட்க அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்காது என்றாள்.

போனேன். ஒருவருக்கு ஆணி நிறுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டு என்ன விஷயம் என்று கேட்டார். டெக்கில் என்ன குறை என்று கேட்டேன். தராசை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"அமுத்தினா பதியும் டீச்சர். எது பதியுதுன்னு அமுத்தறவனுக்குத் தெரியணும்."

பிறகு உள்ளே வந்து உட்காரச் சொன்னார். கட்டுரை அந்த நாற்காலியிலேயே முடிந்துபோனது.

2

எங்கே தொடங்குவது என்பதில் ஒரு மாதம் போயிற்று.

முதலில் இப்படி எழுதினேன்: 'கனகராஜ் கொழும்புக்குப் புறப்பட்ட அன்று பாகூரில் மழை.' மழையா என்று எனக்குத் தெரியாது. இராமச்சந்திரன் மழையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொன்னதெல்லாம் தம்பி கனகராஜுக்கு ஆணியிலும் கீலிலும் மனம் ஒட்டவில்லை, துணி வியாபாரத்தில் பிரியம், அதனால் கொழும்பில் தெரிந்தவர் துணிக்கடையில் நானேதான் வேலைக்குச் சொல்லிவைத்தேன் என்பதுதான். டிக்கெட்டும் அவர்தான் எடுத்துக் கொடுத்திருக்கிறார். அது 1979.

இன்னொரு தொடக்கம்: 'கல்யாணமாகி எட்டே மாதத்தில் கமலவேணி——' இதை அடித்துவிட்டேன். இப்படித் தொடங்கினால் வாசகர் இரண்டாவது வரியிலேயே அவளுக்காக உச்சுக்கொட்ட ஆரம்பித்துவிடுவார். நான் பார்த்த கமலவேணி அதற்கு இடம் கொடுக்கிறவள் அல்ல.

ஆகவே விவரத்தை வெறுமனே சொல்லிவிடுகிறேன். கனகராஜின் மனைவி கமலவேணி. அவன் போன பிறகு அவள் பாகூரில் மூத்தார் வீட்டிலேயே, அதாவது கணவனின் அண்ணன் வீட்டிலேயே, இருந்தாள். அந்த வீட்டில் இராமச்சந்திரன், அவர் மனைவி கோகிலாம்பாள், கமலவேணி மூன்று பேர். பிள்ளைகள் வெளியூரில் படிப்பு. கனகராஜ் வருஷத்துக்கு ஒருமுறை வந்துபோனான். மாதம் தவறாமல் கடிதம் போட்டான். 83 ஜூலையில் கொழும்புக் கலவரம். அதற்குப் பிறகு கடிதம் இல்லை. கடை எரிந்துபோனது, வேலையாட்கள் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள் என்று திரும்பி வந்த ஒருவர் சொன்னார். கனகராஜ் எந்தப் பக்கம் ஓடினான் என்று அவருக்குத் தெரியவில்லை.

3

1985 மே மாதத்தில் ஒரு சாயங்காலம். காற்றே இல்லை. இலங்கை டி.வி. தெளிவாக வந்துகொண்டிருந்தது.*

கோகிலாம்பாள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். இராமச்சந்திரன் மேஜை விசிறியைக் கழற்றிப் போட்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். கமலவேணி மட்டும்தான் டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ ஓர் ஊரின் கடைவீதியைக் காட்டினார்கள். பின்னால் சிங்களத்தில் ஒரு குரல் பேசிக்கொண்டே போனது. ஒரு துணிக்கடை. பாதி முதுகு காட்டி நின்ற ஒரு ஆள் துணியை அளந்து கிழித்தான். கிழித்ததை இரண்டு தரம் உதறினான். உதறிவிட்டு மடித்தான்.

"அக்கா, அவரு" என்று கமலவேணி எழுந்துவிட்டாள்.

கோகிலாம்பாள் தலை நிமிர்ந்தபோது திரையில் தேயிலை மலை. இராமச்சந்திரன் கையில் எண்ணெய்க் குப்பியோடு திரும்பியபோது அதுவும் போய் ஒரு பெண் செய்தி படித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் படம் புள்ளி புள்ளியாகக் கலைகிற வரைக்கும் கமலவேணி நின்றபடியே இருந்தாள்.

(* பாகூருக்குக் கடல் பக்கம். உயரமான குழாயில் ஆன்டெனா கட்டினால், சித்திரை வைகாசியில் காற்று அசையாத புழுக்க நாட்களில் இலங்கைப் படம் கடலைத் தாண்டி வந்து விழும். சில நாள் குரல் மட்டும். பல நாள் ஒன்றுமில்லை. மழைக் காலத்தில் அறவே கிடையாது. எந்த நாள் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. இந்தக் குறிப்பு கட்டுரைக்காக எழுதியது. கதைக்கும் தேவைப்படுவதால் விட்டுவைக்கிறேன்.)

4

அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து கமலவேணி மூத்தாரிடம் நேராகப் பேசியதில்லை. எது வேண்டுமானாலும் கோகிலாம்பாளிடம் சொல்வாள், கோகிலாம்பாள் அவரிடம் சொல்வாள். அவர் பதிலும் அதே வழியாகத் திரும்பி வரும். சில நாள் கழித்து அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சமையலறை வாசலில் வந்து நின்று, தானே பேசினாள்.

"மாமா, டி.வி.ல வர்றத பதியற டெக்குன்னு ஒண்ணு இருக்குதாம். அத்த வாங்கணும்."

கேட்ட பொருள் அவருக்குப் பெரிதாகப் படவில்லையாம். அந்தக் குரல் நேராகத் தன்னைப் பார்த்து வந்ததில்தான் கை சோற்றிலேயே நின்றுவிட்டது என்றார். சமாளித்துக்கொண்டு, அன்றைக்கு வந்தது திரும்ப வருமா என்று கேட்டிருக்கிறார்.

"அது வராது. இன்னொரு தபா அவரு வந்தா நீங்களும் பாக்கணும். நான் ஒருத்தி பாத்தது பாத்ததா ஆவல."

இராமச்சந்திரன் மறுக்கவில்லை. விசாரிக்கப் புறப்பட்டார். புதுச்சேரிக்குப் போய்க் கடை கடையாக நின்று கேட்டார். ஒரு மண்வெட்டியைக்கூடக் கல்லில் தட்டி ஓசை பார்த்துத்தான் கொள்முதல் செய்கிற மனிதர். அவர் தெரிந்துகொண்டு வந்தவை இவை. கிடங்கின் தகரக் கூரையை மாற்ற ஒதுக்கிவைத்ததெல்லாம் அதற்கே போய்விடும். கேசட்டு மூன்று மணி நேரம் ஓடும், அதற்கு மேல் ஆள் வந்து மாற்ற வேண்டும். கரண்டு போனால் பதிவது நின்றுவிடும், வந்தால் தானாகத் தொடராது. படம் புள்ளியாக வந்தால் புள்ளியைத்தான் பதியும். எல்லாவற்றுக்கும் மேல், இலங்கைப் படம் வருவதே வானத்தின் தயவு. வந்தாலும் அதில் கனகராஜ் வர வேண்டும்.

எல்லாவற்றையும் கோகிலாம்பாளிடம் சொன்னார். அவள் கமலவேணியிடம் சொன்னாள். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று முடிந்தது.

நான் கட்டுரைக்காகத் தனியாக விசாரித்தேன். அவர் சொன்ன குறைகளில் ஒன்றுகூடத் தவறில்லை. அதுதான் எனக்கு இந்தக் கதையில் தாங்க முடியாத இடம்.

அடுத்த கோடையும் வந்து போனது. விளக்கு வைக்கிற நேரத்தில் கமலவேணி டி.வி. முன்னால் உட்காருவாள். சில நாள் படம் வந்தது. அவன் வரவில்லை. அல்லது அவள் கண்ணிமைத்தபோது வந்து——

(வேண்டாம். இது அழகுக்காக எழுத வந்த வாக்கியம்.)

5

முதல் பிரதியில் இராமச்சந்திரனைக் கருமியாக எழுதிவிட்டேன். கதைக்குச் சுலபமாக இருந்தது. தராசும் கையுமாக ஒரு வியாபாரி, கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோகும் ஒரு பெண். தையலம்மாளிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு, இந்த ஆளை எனக்குத் தெரியாது என்று திருப்பிக் கொடுத்தாள். தெரியும் என்று சொன்னவளே அவள்தான்.

மறுபடி விசாரித்தேன். தம்பியைத் தேடி அவர் எழுதாத இடம் இல்லை. மெட்ராஸுக்குப் போய் ஓர் அலுவலக வாசலில் பகல் பகலாக உட்கார்ந்திருக்கிறார். கப்பலில் திரும்பி வருகிறவர்களைப் பார்க்க ராமேஸ்வரம் வரை போய், கனகராஜின் கல்யாணப் போட்டோவை முகம் முகமாகக் காட்டியிருக்கிறார். அங்கிருந்து திரும்பியவர் போட்டோவை மனைவியிடம் கொடுத்துவிட்டு, இனிமேல் இதை என் கண்ணில் காட்டாதே என்று சொன்னாராம். அவரைப் பொறுத்தவரை தம்பி அன்றே முடிந்துவிட்டான். முடிந்துபோன ஒருவனைப் பதிய எதற்கு டெக்கு என்பதை மட்டும் அவர் கமலவேணியிடம் சொல்லவில்லை. கரண்டையும் கேசட்டையும் சொன்னார்.

கருமியை அடித்துவிட்டு இவரை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

6

87 தை மாதத்தில் உறவுக்காரர்கள் வந்து பேசினார்கள். கடை அண்ணன் தம்பி இரண்டு பேர் பெயரிலும் இருந்தது. பெரியவர்கள் இன்னும் பிரெஞ்சில் மேரி என்றே சொல்லும் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸில் எந்தக் காகிதம் கொடுத்தாலும் தம்பி எங்கே என்ற கேள்வி வந்தது. தம்பிக்குக் காரியத்தைச் செய்து முடித்துவிடு என்றார்கள். இராமச்சந்திரன் அதற்கும் அசையவில்லை. அவரை அசைத்தது கோகிலாம்பாள்.

"வூட்டுக்கு வர்றவளுங்க குங்குமத் தட்ட கையில வச்சிக்கினு கமலா எதிர்ல ஒரு நிமிஷம் நிக்கிறாளுங்க. குடுக்கறதா வேணாமான்னு. அந்த ஒரு நிமிஷத்த அவ இன்னும் எத்தினி வருஷத்துக்குப் பாக்கறது?"

அதற்குப் பிறகுதான் டெக்கு வந்தது. சிங்கப்பூரிலிருந்து ஊர் திரும்பிய காரைக்கால்காரர் ஒருவரிடம் வாங்கினார். நம்பி வாங்கவில்லை. அவள் மனம் ஆறட்டும் என்று வாங்கினார். கோகிலாம்பாளை நடுவில் வைக்காமல் அவரே அவளிடம் சொன்னார். இந்தக் கோடை முழுக்கப் பதிந்து பார், அவன் வரவில்லை என்றால் ஆடி அமாவாசைக்குக் காரியம் செய்துவிடலாம். கமலவேணி சரி மாமா என்றாள்.

அந்தக் கோடை அவள் டெக்கோடு இருந்தாள். படம் வருகிற சாயங்காலங்களில் பதிவாள். மறுநாள் பகலில் வீட்டு வேலை முடிந்த பிறகு போட்டுப் பார்ப்பாள். கூட்டம் வருகிற இடத்தில் நிறுத்துவாள். நிறுத்தினால் படத்தின் நடுவில் வெள்ளையாக ஒரு கோடு வந்து விழும். பார்க்க வேண்டிய முகம் எப்போதும் அந்தக் கோட்டுக்குள்தான் போய் மாட்டிக்கொள்ளும். கொஞ்சம் முன்னால் ஓட்டி மறுபடி நிறுத்துவாள். கொஞ்ச நேரத்துக்கு மேல் நிறுத்திவைக்க டெக்கு விடாது. தானே ஓட ஆரம்பித்துவிடும். அவளிடம் இருந்தவை இரண்டு கேசட்டுகள். பார்த்து முடித்ததன் மேலேயே அடுத்ததைப் பதிந்துகொள்வாள். யார் யாரோ தெரியாத ஊர்க்காரர்களின் முகங்கள் அந்த வீட்டில் ஒரு பகல் நின்றுவிட்டு அழிந்துபோயின.

கோகிலாம்பாள் சில நாள் கூட உட்காருவாள். இராமச்சந்திரன் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

7

வில்லியனூர்த் தேர் அன்று பெண்கள் இரண்டு பேரும் பஸ்ஸில் தேர் பார்க்கப் போனார்கள். கோகிலாம்பாள்தான் கட்டாயப்படுத்தி அழைத்துப் போனாள். கிளம்பும்போது கமலவேணி டெக்கில் கேசட்டைப் போட்டு வைத்துவிட்டு, படம் வந்தால் சிவப்புப் பொத்தானையும் பக்கத்துப் பொத்தானையும் சேர்த்து அமுக்கும்படி மூத்தாரிடம் சொன்னாள். அவர் தலையாட்டினார்.

கடைக்கு ஆள் வராததால் விளக்கு வைக்கும்போதே வீட்டுக்கு வந்துவிட்டார். டி.வி.யைப் போட்டார். டெக்கு வந்த பிறகு அந்த வீட்டில் எல்லாவற்றையும் டெக்கின் வழியாகத்தான் பார்ப்பார்கள். அவருக்கு அந்தப் பழக்கம் இல்லை. பழையபடி டி.வி.யிலேயே குமிழைத் திருகினார். இலங்கைப் படம் வந்தது. அவ்வளவு தெளிவாக அது வந்து அவர் பார்த்ததே இல்லை.

ஒரு பஸ் நிலையம். வரிசையாக ஆட்கள். யாரோ ஓர் அதிகாரி முன்னால் நின்று பேசிக்கொண்டிருக்க, பின்னால் அந்த வரிசை தெரிந்தது. அதில் ஒருவன். முன்மண்டை ஏறியிருந்தது. கக்கத்தில் ஒரு பை. அவன் வலக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதுக்குப் பின்னால் சொறிந்தான்.

இந்த இடத்தை நான் என் வார்த்தையில் எழுதிப் பார்த்தேன். சரியாக வரவில்லை. அவர் சொன்னதையே எழுதிவிடுகிறேன்.

"எங்கப்பா அப்படித்தான் சொறிவாரு டீச்சர். வேற யாரும் அப்படிச் சொறிஞ்சி நான் பாத்ததில்ல. கனகராஜ் சின்ன வயசுல சொறிஞ்சது கெடையாது. ஆனா அவன் எங்கப்பா வயசுக்கு வந்துக்கினு இருக்கான் இல்ல?"

ஓடிப்போய் இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அமுக்கினார். சிவப்பு விளக்கு எரிந்தது. அந்த ஆள் இன்னும் வரிசையில்தான் நின்றான், இன்னொரு தரம் முகத்தைத் திருப்பினான் என்றார். பிறகு வேறு எதுவோ வந்தது. இவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். டெக்கைத் தொட்டால் எங்கே அழிந்துவிடுமோ என்று பயந்து, கேசட்டு தானாக முடிகிற வரைக்கும் ஓடவிட்டார். அதற்குப் பிறகு வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். ராமேஸ்வரத்திலிருந்து திரும்பிய பிறகு அப்படி ஒரு சந்தோஷம் தனக்கு வந்ததில்லை என்றார். கமலவேணி வரட்டும், ஒன்றும் சொல்லாமல் போட்டுக் காட்டுவோம், அவளே சொல்லட்டும் என்று நினைத்தாராம்.

அவர்கள் வந்தார்கள். படம் வந்தது, அமுக்கினேன், போட்டுப் பாரம்மா என்றார். கமலவேணி கால் கழுவிக்கொண்டு வந்து கேசட்டைப் பின்னால் ஓட்டிப் போட்டாள்.

இரண்டு பேர் எதிரும் புதிருமாக நாற்காலியில் உட்கார்ந்து ஹிந்தியில் பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு பூச்சாடி.

மாறும் என்று மூன்று பேரும் காத்திருந்தார்கள். அவர்கள் ஹிந்தியிலேயே பேசி முடித்தார்கள். பிறகு ஹிந்தியில் செய்தி.*

(* கட்டுரைக்கு எடுத்துவைத்த குறிப்பு: ஆன்டெனா ஒயர் முதலில் டெக்குக்குள் போய், அங்கிருந்து டி.வி.க்கு வருகிறது. டி.வி.யில் நாம் எதைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் டெக்கு பதிவது அதை அல்ல. டெக்கின் மேல் இருக்கும் சேனல் பொத்தான் எதில் இருக்கிறதோ அதைத்தான். அதற்கு முந்தின நாள் யாரோ அந்தப் பொத்தானை டெல்லிக்கு மாற்றியிருந்தார்கள். யார் என்று மூன்று பேருக்கும் நினைவில்லை. கதையாக இருந்தால் இதற்கு ஒரு ஆளைக் காட்ட வேண்டும் என்று தோன்றியது. காட்ட ஆள் இல்லை.)

கமலவேணி டெக்கின் பொத்தான்களைப் பார்த்தாள். அப்புறம் அவரைப் பார்த்தாள்.

"இன்னா வந்துது மாமா?"

"சும்மாதான் அமுத்தினேன்" என்றார் இராமச்சந்திரன். "படம் தெளிவா இருந்துது. அதான்."

8

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று அவரிடம் கேட்டேன். அவர் சொன்ன காரணங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. அப்படியே எழுதுகிறேன்.

கண்ணால் பார்த்தேன் என்று அவள் சொன்னபோது இரண்டு வருஷம் நம்பாமல் இழுத்தடித்தவன், இப்போது எந்த முகத்தோடு நான் பார்த்தேன் என்று சொல்வது? பார்த்தது தம்பிதான் என்று ஒரு நேரம் நிச்சயமாக இருந்தது, மறு நேரம் காது சொறிகிற எவனோ ஒருவன் என்று பட்டது. சொன்னால் காரியம் நின்றுபோகும். தன் ஒரு வார்த்தையை நம்பி அவள் ஆயுசு முழுக்கக் குங்குமத் தட்டின் முன்னால் நிற்பாள். சொல்லாவிட்டால், அவன் இருந்து——

இந்த வாக்கியத்தை அவரும் முடிக்கவில்லை.

தேருக்கும் ஆடி அமாவாசைக்கும் நடுவில் நாள் இருந்தது. ஒவ்வொரு நாளும் சாப்பிட உட்காரும்போது சொல்லிவிடுவோம் என்று நினைப்பார். சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போய்விடுவார். படமும் அதற்கப்புறம் வரவில்லை. காற்று மாறிவிட்டது.

பனித்திட்டுப் பக்கம் கடலோரத்தில் காரியம் நடந்தது. புல்லால் ஓர் உருவம் செய்து வைத்திருந்தார்கள். கனகராஜுக்குப் பிள்ளை இல்லாததால் இராமச்சந்திரனே கொள்ளி வைத்தார். பெண்கள் தள்ளி நின்றார்கள்.

"கமலா அத்தப் பாக்கவே இல்ல டீச்சர். எரியும்போதும் என் மொகத்தையேதான் பாத்துக்கினு இருந்தா. கோவம். இருக்கத்தானே இருக்கும்."

ஐப்பசியில் கமலவேணி வில்லியனூரில் இருக்கும் அக்காள் தனக்கொடி வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது டெக்கைக் கேட்டாள். கொடுத்து அனுப்பினார்.

9

நான் இருப்பதும் வில்லியனூர்தான். 'டெக்குக்காரம்மா' என்று ஊரில் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அது கமலவேணி என்று பாகூரிலிருந்து திரும்பிய பிறகுதான் தெரிந்தது. மஞ்சள் நீராட்டு, காதுகுத்து, கல்யாணம் என்று எங்கே விசேஷம் நடந்தாலும் அவளுடைய டெக்கும் டி.வி.யும் வாடகைக்குப் போகின்றன. அக்காள் வீட்டுக்காரர் செல்லக்கண்ணு ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு போய் இறக்குவார். கமலவேணி கூடவே போய் ஒயர் மாட்டிக் கொடுத்து, படம் ஓட ஆரம்பித்ததும் திரும்பிவிடுவாள். நான் போன சமயத்தில் டெக்கின் மூடியைக் கழற்றிப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கட்டுரை எழுதுவதாகச் சொன்னேன். உண்மைதான், அதுவும் எழுத வேண்டியிருந்தது. பாகூருக்குப் போய்வந்ததையும் மறைக்கவில்லை. மாமாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள். வாங்க நினைக்கிறவர்களுக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். பதிகிறது வேண்டாம், காட்டுகிறது போதும் என்றாள். அவள் வீட்டுக் கூரையில் ஆன்டெனாவே இல்லை.

பதிகிறதில் என்ன குறை என்று கேட்டேன். டி.வி.யில் ஒன்று ஓடும், டெக்கு வேறொன்றைப் பதியும், எங்கள் வீட்டிலேயே அப்படி ஆயிற்று என்று ஹிந்திக்காரர்கள் கதையைச் சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பஞ்சைக் கீழே வைத்த பிறகு அவள் குரல் மாறியது.

"சும்மாதான் அமுத்தினேன்னாரு மாமா. அவரு சும்மா ஒரு ஆணியக்கூட எடத்த மாத்தி வைக்க மாட்டாரு. கேசட்டு கடைசி வரிக்கும் ஓடியிருந்துது டீச்சர். சும்மா அமுத்தினவரு நடுவுல நிறுத்தியிருக்க மாட்டாரா? இன்னாத்தையோ பாத்துட்டாருன்னு எனக்கு அன்னிக்கே தெரிஞ்சிபோச்சி."

ஏன் கேட்கவில்லை என்றேன்.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பாரு. நான் கேட்டு அவரு சொன்னா, எனக்கு ஆறுதலுக்குச் சொல்றாரோன்னு ஆயிடும். அவரா வாயத் தொறந்து சொல்லட்டும்னு இருந்தேன். கடலாண்ட கொள்ளிய கையில வாங்கினாரே, அப்பக்கூட, தோ இப்ப சொல்லிடுவாரு, இப்ப சொல்லிடுவாருன்னு அவரு மொகத்தையேதான் பாத்துக்கினு இருந்தேன்."

வெளியே செல்லக்கண்ணு ரிக்‌ஷாவைக் கொண்டுவந்து நிறுத்தினார். மூடியைத் திருகி மாட்டிவிட்டு எழுந்தாள். கரியமாணிக்கத்தில் ஒரு காதுகுத்து, நேரமாகிறது என்றாள்.

பஸ் நிலையத்தையும், கக்கத்துப் பையையும், காது சொறிந்த கையையும் நான் அவளிடம் சொல்லவில்லை. ஒரு பெண்ணுக்குச் சேர வேண்டிய முதல் சேதியைக் கட்டுரை எழுத வந்த ஒருத்தி, ரிக்‌ஷா காத்திருக்கும்போது நின்றபடி சொல்லலாமா என்று தோன்றியது. இப்போது யோசித்தால் அதுவும் இராமச்சந்திரன் சொன்ன காரணங்களைப் போலத்தான் இருக்கிறது.

10

முடிவுக்கு வந்துவிட்டோம். எழுதிக் கிழித்தவற்றைச் சொல்கிறேன்.

ஒன்றில் கனகராஜ் பாகூரில் பஸ்ஸைவிட்டு இறங்குகிறான். அது எல்லோரையும் ஒரே நேரத்தில் மன்னித்துவிடுகிறது. யாரும் யாரிடமும் எதையும் சொல்ல வேண்டிய தேவையே அதில் இல்லாமல் போகிறது. கிழித்துவிட்டேன். இன்னொன்றில் இராமச்சந்திரனின் உறவில் ஒரு கல்யாணம். வாடகை டெக்கோடு கமலவேணி வந்து இறங்க, இருவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொள்கிறார்கள். இது நடக்கக்கூடியது. ஆனால் பார்த்துக்கொண்ட பிறகு இருவரும் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். முட்டிவலியை விசாரித்துக்கொள்வார்கள்.

கட்டுரை வராது, கதைதான் வரும் போலிருக்கிறது என்று ஆசிரியருக்குச் சொன்னேன். ஏதோ ஒன்று வரட்டும் என்றார். கோகிலாம்பாள் அந்தப் பத்திரிகையைப் படிக்கிறவள். தனக்கொடி வீட்டிலும் அதைப் பார்த்தேன். பெயரையும் ஊரையும் மாற்றினாலும் அந்தப் பூச்சாடியையும் ஹிந்திக்காரர்களையும் அவர்களுக்கு அடையாளம் தெரியாமல் போகாது. அச்சில் பார்த்துத் தெரிந்துகொள்வதைவிட ஒரு மனித வாயால் கேட்பது மேல் என்று முடிவு செய்து, போன வாரம் பாகூருக்குப் போனேன்.

கடையில் வேறு யாரும் இல்லை. நாற்காலியை எடுத்துப் போட்டார். கமலாவைப் பார்த்தீர்களா என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். நன்றாக இருக்கிறாளா, தொழில் நடக்கிறதா என்று கேட்டார். இரண்டுக்கும் ஆமாம் என்றேன். மேஜைக்கு அந்தப் பக்கம் போய் நின்றார்.

"அந்தத் தேர் அன்னிக்கு நடந்தது பத்தி, கமலா உங்கள ஏதாவது கேட்டுதா டீச்சர்?"

அவள் கேட்கவில்லை. கேட்கவில்லை என்று சொன்னால் அது உண்மை. அந்த உண்மையைச் சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்திருந்தால் இரண்டு வீடும் இருந்தபடி இருந்திருக்கும். அல்லது கடலோரத்தில் அவள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது கோபத்தால் அல்ல என்று தொடங்கி——

நான் என்ன சொன்னேன் என்பதை எழுதப் போவதில்லை. இருவர் சொன்னதையும் கேட்டது இதுவரை நான் ஒருத்தி. இப்போது நீங்களும் கேட்டிருக்கிறீர்கள். அவர் மேஜைக்கு அந்தப் பக்கம் நிற்கிறார். உங்களைத்தான் கேட்கிறார்.